ஐவரில் இருவர்: இரட்டை இறக்கை விமானமும் 1933-இன் ஒரு விபத்தும்

1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடு விமான தளத்தில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. ஸ்குவாட்ரன் என்றது பெயருக்குத்தான். இருந்தவை நான்கு வெஸ்ட்லாண்ட் வாப்பிட்டி விமானங்கள். ஆட்கள் என்று பார்த்தால் இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயின்று வந்த ஆறு இந்திய அதிகாரிகளும், 'ஹவாய் சிப்பாய்' என்று அழைக்கப்பட்ட 19 பேரும். தலைமை ஆங்கிலேயரான ஃபிளைட் லெப்டினன்ட் பவுச்சியரிடம் இருந்தது. ஆறு அதிகாரிகளில் டாண்டன் குள்ளமானவர். கால் எட்டாது என்று அவரைப் பறக்க விடாமல் தளவாடப் பொறுப்பில் அமர்த்திவிட்டார்கள். ஆக, விமானிகள் ஐவர்: சர்க்கார், சுப்ரதோ முகர்ஜி, அவான், பூபேந்திர சிங், அமர்ஜித் சிங்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பூபேந்திர சிங்கும் அமர்ஜித் சிங்கும் வாப்பிட்டி விபத்தொன்றில் இறந்துபோனார்கள்.

விமானப்படை வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு 1937-இன் வஜீரிஸ்தான் சண்டைக்குப் போய்விடுகின்றன. நூற்றுக்கணக்கான விமானிகளைக் கொண்ட பிரிட்டிஷ் படையில் இரண்டு இளைஞர்களின் சாவு நாளிதழின் உள்பக்கச் செய்தியாக முடிந்திருக்கும். இங்கே அது ஒரு நாட்டு விமானப்படையின் மொத்த விமானிகளில் ஐந்தில் இரண்டு பங்கு. போர் எதுவும் நடக்கவில்லை, எதிரி யாரும் சுடவில்லை. படை பயிற்சியைக்கூட முடித்திருக்கவில்லை. ஒரு விபத்து இவ்வளவு பெரிய பங்கைக் கொண்டுபோனதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விபத்து என்றதும் 'விமானியின் பிழை' என்று எழுதிக் கோப்பை மூடுவது அந்தக் காலத்தின் பழக்கம். அந்தத் தீர்ப்பு எல்லா நாட்டு விமானிகள் மீதும் விழுந்தது. ஆனால் இந்தியரின் தலையில் விழுந்தபோது மட்டும் அதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? முதல் உலகப்போரில் ஹர்தித் சிங் மாலிக், இந்திரலால் ராய் போன்ற இந்தியர்கள் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்து சண்டையிட்டிருந்தார்கள். ராய் 1918-இல் பிரான்சின் வானில் மாண்டார், அப்போது அவருக்கு வயது 19. இருந்தும் போர் முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது. 1925-இல் அமைக்கப்பட்ட ஸ்கீன் குழுவில் மோதிலால் நேருவும் ஜின்னாவும் உறுப்பினர்கள். இந்தியரைப் பீரங்கிப் படையிலும் பொறியியல் படையிலும் விமானப் பிரிவிலும் அதிகாரிகளாகச் சேர்க்க வேண்டும் என்ற பரிந்துரை அங்கிருந்துதான் வந்தது. 1930 செப்டம்பரில் முதல் இந்திய மாணவர்கள் கிரான்வெல்லுக்குள் நுழைந்தார்கள். 1932 அக்டோபர் 8-இல் இந்திய விமானப்படைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இயந்திரத்தைக் கையாளவும் ஆபத்தில் நிதானம் இழக்காதிருக்கவும் இந்தியனால் முடியுமா என்ற ஐயம் ஆட்சியாளர் பலரிடம் அப்போதும் இருந்தது. 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்று ஒரு பட்டியலே வைத்து ஆள் சேர்த்தவர்கள் அல்லவா! ஒவ்வொரு தரையிறக்கமும் அந்த ஐயத்துக்குச் சொல்லும் பதிலாகவே பார்க்கப்பட்டது. விழுந்தால் விழுந்தவர் ஒரு விமானி என்று யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

அவர்களுக்குத் தரப்பட்ட இயந்திரத்தைப் பார்ப்போம். வாப்பிட்டி 1927-இல் முதலில் பறந்தது. முதல் உலகப்போரின் டி.எச்.9ஏ விமானத்தின் உதிரி பாகங்கள் கிடங்குகளில் குவிந்து கிடந்தன. அவற்றைப் பயன்படுத்தும்படி புதிய விமானம் அமைய வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. சிக்கனத்தில் பிறந்த பிள்ளை அது. மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள், அவற்றைப் பிணைக்கும் கம்பிகளும் தூண்களும், துணி போர்த்திய உடல், முன்னால் காற்றால் குளிரும் ஜூபிடர் எஞ்சின், திறந்த இரண்டு இருக்கைகள். முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கிக்காரர். இந்தியாவில் பறந்தவற்றில் பக்கவாட்டில் ஒரு உபரிச் சக்கரத்தையும் கட்டிக்கொண்டு போவதுண்டு, பொட்டல் வெளியில் இறங்கி டயர் கிழிந்தால் வேறு வழியில்லை. இதில் ஒரு வேடிக்கை: கராச்சியில் ஸ்குவாட்ரன் தொடங்கி இரண்டே நாளில், 1933 ஏப்ரல் 3 அன்று, பூர்ணியாவுக்கு அருகிலிருந்து கிளம்பிய இரண்டு விமானங்கள் எவரெஸ்ட் சிகரத்தின் மேல் முதன்முதலாகப் பறந்தன. இரண்டும் வெஸ்ட்லாண்ட் தயாரிப்பு. அவற்றில் ஒன்று வாப்பிட்டியை மாற்றிக் கட்டியது. உலகம் அந்தப் பயணத்தைக் கொண்டாடியது, கராச்சியைக் கவனித்தவர் குறைவு.

டிரிக் ரோட்டுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 'அரேபிய லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், பெயரை மாற்றிக்கொண்டு, 1927-இல் அங்கே எஞ்சின் பழுதுபார்க்கும் பிரிவில் சாதாரண ஊழியராக வேலை பார்த்தார். அந்தத் தளத்துக்கு அருகே ஆர்-101 என்ற பெரும் ஆகாயக் கப்பலுக்காகக் கட்டிய ராட்சதக் கொட்டகை ஒன்று நின்றது. கப்பல் வந்து சேரவில்லை. இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட அது 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் விழுந்து 48 பேர் மாண்டார்கள். முதல் இந்திய மாணவர்கள் கிரான்வெல்லில் சேர்ந்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. பேரரசின் வான் கனவு தவறிப்போனதற்குச் சாட்சியாக நின்ற அந்த வெற்றுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டேதான் ஐவரும் பறந்திருக்க வேண்டும்.

இனி இத்தகைய விபத்துகளின் இயக்கவியலுக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

இறக்கை விமானத்தைத் தூக்குவது அதன் மேல் காற்று ஒட்டி ஓடும் வரைதான். எதிர்க்காற்றுக்கு இறக்கை காட்டும் கோணம் ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டினால் காற்று பிய்ந்துவிடும், தூக்கும் விசை சரியும். இரண்டு பக்க இறக்கைகளும் ஒரே நேரத்தில் இப்படி நிலைகுலைவதில்லை. ஒரு பக்கம் முன்னதாகவும் அதிகமாகவும் சரியும். உடனே விமானம் அந்தப் பக்கம் கவிழ்ந்து, மூக்கைக் கீழே போட்டுச் சுழன்றுகொண்டே விழும். தரை பம்பரமாகச் சுற்றி மேலே வருவதைக் காணும் எவனும் செய்வது ஒன்றே: கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம் இழுத்து மூக்கை உயர்த்தப் பார்ப்பான். அவனைக் கொல்வது அந்த இழுப்புத்தான், இறக்கையின் கோணம் அதனால் இன்னும் கூடுகிறது. பிழைக்க வேண்டுமானால் சுழலுக்கு எதிர்ப்பக்கக் கால்மிதியை அழுத்தி, கோலைத் தரையை நோக்கித் தள்ள வேண்டும். விழுந்துகொண்டிருக்கும்போது இன்னும் விழு என்று சொல்வது போன்றது அது.

தாமிரபரணியில் நீச்சல் கற்றவர்களுக்கு இது புதிதாக இராது. குறுக்குத்துறையிலோ சிந்துபூந்துறையிலோ வெள்ளக் காலத்தில் சுழியில் மாட்டிக்கொண்டால் மேலே வர அடித்துக்கொள்ளாதே, மூச்சை அடக்கி உள்ளே போய் பக்கவாட்டில் உதைத்து வெளியேறு என்பார்கள் பெரியவர்கள். படித்துறையில் உட்கார்ந்து இதை ஆயிரம் தடவை கேட்கலாம். சுழிக்குள் போகும்போது உடம்பு கேட்காது.

விமானிகளின் உடம்பைக் கேட்க வைப்பதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1912 ஆகஸ்டில் வில்ஃபிரெட் பார்க் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சுழலில் மாட்டி, தெரிந்த வித்தைகளெல்லாம் தோற்ற பிறகு எதிர்ப்பக்கக் கால்மிதியை அழுத்தி உயிர் தப்பினார், தரைக்குச் சற்று மேலே. 1917-இல் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தின் இயற்பியலாளர் ஃபிரெடரிக் லிண்டமன் தாமே பறக்கக் கற்று, வேண்டுமென்றே சுழலுக்குள் போய், சுற்றும்போதே அளவுகளைக் குறித்தார். பின்னாளில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகரானவர் இவரே. அதே ஆண்டு காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி ஒரு பயிற்றுநர் பள்ளியை நடத்தினார். அதுவரை பயிற்சி என்றால் களைத்துப்போன போர்முனை விமானிகள் மாணவனுக்கு ஏதோ கொஞ்சம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. நம் விமானங்களை ஜெர்மானியரைவிட அதிகம் நொறுக்குகிறவர்கள் இவர்கள்தாம் என்று மாணவர்களை 'ஹூணர்' என்றே கூப்பிட்டார்களாம். ஸ்மித்-பாரி தலைகீழாக மாற்றினார். ஆபத்தைத் தவிர்க்கச் சொல்லிக் கொடுக்காதே, மாணவனைக் கூட்டிக்கொண்டு ஆபத்துக்குள் போ, வெளியே வரக் காட்டு என்றார். ஆவ்ரோ 504 என்ற இரட்டைக் கட்டுப்பாட்டுப் பயிற்சி விமானமும், பயிற்றுநரின் குரலை மாணவனின் காதுக்குக் கொண்டுபோகும் ரப்பர்க் குழாயும் அந்த முறையின் கருவிகள். 1913-இல் பிறந்த ஆவ்ரோ 504-இன் வழித்தோன்றல்கள் இருபது ஆண்டு கழித்தும் பிரிட்டிஷ் பயிற்சிப் பள்ளிகளில் இருந்தன.

முறை இருந்தது. ஆனால் மாணவன் உயரத்தில் கற்ற சுழல்மீட்பு தாழ்வாகப் பறக்கும்போது உதவாது. மீள்வதற்கு இடம் வேண்டும். டிரிக் ரோட்டு ஐவருக்கு இட்ட வேலையோ தாழ்வாகப் பறப்பது. முதல் ஸ்குவாட்ரன் தரைப்படைக்கு உதவும் 'ஆர்மி கோ-ஆபரேஷன்' படை. இரண்டு கழிகளுக்கு இடையே கட்டிய கயிற்றில் தொங்கும் செய்திப் பையை விமானத்தின் அடியில் உள்ள கொக்கியால் பறந்தபடியே கவ்விப் போவது இத்தகைய படைகளின் அன்றாடப் பயிற்சி. தலைக்கு மேல் பனை உயரம்கூட இல்லாத பறத்தல். மேலே இருந்து பீரங்கிக் குண்டு விழும் இடத்தைக் கவனித்துச் சொல்வது, துருப்புகளைத் தேடி வட்டமிடுவது எல்லாம் அதில் சேர்த்தி. வட்டமிடும்போது கண் தரையில் இருக்கும், கை விமானத்தைச் சாய்த்துக்கொண்டே போகும். 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் இறக்கைகள் விமானத்தின் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும், நிலைகுலையும் வேகம் 41 சதவீதம் உயர்ந்துவிடும். நேராகப் பறக்கும்போது போதுமானதாக இருந்த வேகம் திருப்பத்தில் போதாது. சிந்துவின் வெயிலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி இங்கிலாந்தின் இதமான 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிமானம் அவ்வளவு குறைகிறது. கிரான்வெல்லின் குளிர்க்காற்றில் பழகிய கை இங்கே வேறு விமானத்தை ஓட்டுகிறது.

எஞ்சின் நின்றுபோனால் இன்னொரு பொறி காத்திருக்கும். கிளம்பியவுடன் எஞ்சின் இருமி நிற்கிறது. எதிரே கல்லும் முள்ளும், முதுகுக்குப் பின்னால் சமதளமான ஓடுதளம். திரும்பிப் போய்விடலாம் என்று மனம் சொல்லும். வேகமில்லாமல் திரும்பினால் உட்பக்க இறக்கை நிலைகுலையும், சுழல் தொடங்கும், உயரம் இராது. திரும்பாதே, எதிரே இருப்பதில் இறங்கு என்று எல்லாப் பயிற்சிப் பள்ளிகளும் கத்தின. திரும்பிச் செத்தவர்களின் பட்டியல் எல்லா நாடுகளிலும் நீளம்.

இவற்றையெல்லாம் 'பிழை' என்ற ஒரே சொல்லில் அடக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. இரு போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளிலேயே சிலர் வேறுவிதமாக யோசித்தார்கள் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. முதலாவது பாராசூட். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானிகளுக்கு அது தரப்படவில்லை. 1925-இல் அமெரிக்க இராணுவத்தின் டெக்சாஸ் பயிற்சித் தளத்தில் ஒரு மாணவன், கூட்டாகப் பாயும் பயிற்சியில் இன்னொரு விமானத்தோடு மோதினான். இருவரும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார்கள். அந்த மாணவனின் வகுப்பில் சேர்ந்தவர்கள் 104 பேர், முடித்தவர்கள் 18 பேர். முதலிடம் பெற்று முடித்த அவன் இரண்டு ஆண்டு கழித்து அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தான்: சார்லஸ் லிண்ட்பெர்க். அந்த மோதலில் பாராசூட் இல்லையென்றால் பயிற்சி விபத்தில் மாண்ட மற்றொரு பெயர்.

பாராசூட் வந்தபின் விமானத்தின் வடிவமே மாறியது. டி ஹாவிலாண்ட் மாத் விமானத்தில் முன்னிருக்கை மேலிறக்கையின் அடியில் கம்பிகளுக்கும் தூண்களுக்கும் நடுவே இருந்தது. அங்கே உட்கார்ந்த பயிற்றுநர் முதுகில் பாராசூட்டோடு அவசரத்தில் வெளியேற முடியாது. மேலிறக்கையை முன்னால் தள்ளி வைத்தார்கள். அப்படி வைத்ததில் எடையின் சமநிலை கெட்டது. அதைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். 1931 அக்டோபரில் பறந்த டைகர் மாத் இப்படித்தான் உருவானது. அந்தப் பின்சாய்வைப் பார்த்து அழகு என்பவர்கள் உண்டு. ஒருவன் வெளியே குதிக்க இடம் விட்டதால் வந்த சாய்வு அது. இரண்டாம் போரில் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் இந்திய இளைஞர்கள் டைகர் மாத்தில்தான் பறக்கக் கற்றார்கள்.

மூன்றாவது மாற்றம் காதுக்குள்ளே நிகழ்ந்தது. மேகத்துக்குள்ளோ சிந்துவின் புழுதிப் படலத்துக்குள்ளோ அடிவானம் மறைந்தால் அனுபவசாலியும் தடுமாறுவான். 1926-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் டேவிட் மையர்ஸ், வில்லியம் ஆக்கர் என்ற மூத்த விமானியைச் சுழல் நாற்காலியில் கண்களை மூடி உட்காரவைத்துச் சுற்றினார். நாற்காலி மெதுவாக நிற்கும்போது, எதிர்த்திசையில் சுற்றுகிறேன் என்று ஆக்கர் உறுதியாகச் சொன்னார். உட்காதின் நீர்மம் செய்யும் ஏமாற்று அது, திறமைக்கும் துணிச்சலுக்கும் அதில் வேலையில்லை. 1929 செப்டம்பர் 24-இல் ஜிம்மி டூலிட்டில், இருக்கையை முழுக்கத் திரையிட்டு மூடிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்துக் கிளம்பி, சுற்றி, இறங்கினார். அவர் ஓட்டியது கன்சாலிடேட்டட் என்.ஒய்.-2 என்ற இராணுவப் பயிற்சி இரட்டை இறக்கை விமானம். அதுவரை கோழை, கவனக்குறைவானவன் என்று பெயர் சுமந்து இறந்தவர்கள் எத்தனை பேர் தம் காதை நம்பியதால் இறந்தார்கள் என்று இன்று யாரும் கணக்கெடுக்க முடியாது.

ஆனால் அறிவு எல்லாப் படைகளுக்கும் ஒரே வேகத்தில் போய்ச் சேரவில்லை. போன இடத்திலும் வீரம் என்ற மதிப்பீடு அதற்குக் குறுக்கே நின்றது. கிரான்வெல்லில் இந்திய மாணவர்களுக்குச் சற்று முன்னால் பயின்று வெளியேறியவர் டக்ளஸ் பேடர். 1931 டிசம்பர் 14-இல், உசுப்பேற்றிவிட்டதால், தரையை ஒட்டி உருண்டு காட்டப் போய் இறக்கை முனை தரையில் தட்டி இரண்டு கால்களையும் இழந்தார். பொய்க்கால்களோடு திரும்பிவந்து இரண்டாம் போரில் புகழ்பெற்ற அவருடைய கதை துணிச்சலின் கதையாகவே சொல்லப்படுகிறது, திரைப்படமும் ஆனது. அந்தத் துணிச்சல்தான் அவரைத் தரையில் இடித்தது என்பதை ஆங்கிலேயர் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள். ஓர் ஆங்கில இளைஞன் விழுந்தால் அது வாலிபத்தின் முறுக்கு. ஆங்கிலேயர் விமானம் ஓட்டத் தகுதியற்றவர் என்று அதிலிருந்து எவரும் முடிவுகட்டவில்லை.

டிரிக் ரோட்டில் எஞ்சிய மூவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மூவரில் சர்க்காரும் பின்னர் சிந்துவில் நேர்ந்த ஒரு கடும் விபத்தை அடுத்து இராணுவ நீதிமன்ற விசாரணைக்கு உள்ளாகிப் பணியை இழந்தார். முதல் ஐவரில் மிஞ்சியவர்கள் முகர்ஜியும் அவானும் மட்டுமே. ஒரு சராசரியைக் கணக்கிடக்கூடப் போதாத எண்ணிக்கை இது. ஐந்து பேரை வைத்து எந்தப் புள்ளிவிவர அறிஞரும் எதையும் நிறுவ மாட்டார். இருந்தும் ஒரு நாட்டின் தகுதி அந்த ஐந்து பேரை வைத்தே எடைபோடப்பட்டது. படையை இவ்வளவு சிறியதாகவும் பழைய இயந்திரங்களோடும் வைத்தது யார் என்ற கேள்வி விபத்துக் காரணங்களின் வரிசையில் இடம் பெறவில்லை. என் கணிப்பில் முதல் இடம் அதற்குத்தான் தர வேண்டும். பத்து மடங்கு பெரிய படையாக இருந்திருந்தால் அதே விபத்து துயரமாக மட்டும் இருந்திருக்கும், தீர்ப்பாக ஆகியிருக்காது.

பிழைத்த முகர்ஜி 1939 மார்ச்சில் அதே ஸ்குவாட்ரனின் தலைவரானார், அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1954 ஏப்ரல் 1-இல் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி. வாப்பிட்டியில் எல்லைப்புற மலைகளுக்கு மேலே பறந்து தப்பிய மனிதர் 1960 நவம்பரில் டோக்கியோ உணவகம் ஒன்றில் தொண்டையில் உணவு அடைத்து இறந்தார்.

இதெல்லாம் வடக்கே நடந்த கதை. நம் தென்கோடிக்கு வானூர்தி வேறு வழியாக வந்தது. சென்னைப் பறப்புக் கழகம் 1930-இல் தொடங்கியது. அதன் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ 1935 நவம்பரில் கொழும்பு இரத்மலானையில் முதல் விமானத்தை இறக்கினார். அதே ஆண்டு டாட்டாவின் தபால் விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்தைத் தொட்டது. 1938-இல் சென்னை, திருச்சி, கொழும்பு வழி திறந்தது. இரண்டு வழிகளும் நெல்லைச் சீமையைச் சுற்றிக்கொண்டு போயின. தாமிரபரணிப் பக்கம் இராணுவ விமானத்துக்கென்று தளம் வந்தது இரண்டாம் போரின்போது, கயத்தாற்றில். மதுரைச் சாலையில் போகிறவர்களுக்குக் கட்டபொம்மன் நினைவிடம் கண்ணில் படும், அந்தப் பழைய ஓடுதளத்தைத் தெரிந்தவர் சிலரே.

இப்போது பேச்சு மறுபடியும் பயிற்சியைப் பற்றித்தான். கோவில்பட்டிப் பக்கத்தில் உள்ள பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி அமைக்கத் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் முயன்றுவருகிறது. வந்தால் நம் வட்டாரப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பறக்கக் கற்கலாம். அங்கே ஒரு பயிற்சி விமானம் விபத்துக்குள்ளானால் 2012-இல் அமைந்த விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் வரும். 1951-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு விதிகளின்படி அதன் வேலை காரணம் தேடுவது, யார் மேல் பழி என்று சொல்வது அதன் வேலையில்லை. அறிக்கையை யாரும் வாசிக்கலாம். இராணுவப் பயிற்சி விபத்துகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அங்கே இன்றும் படையே விசாரணை மன்றம் அமைக்கிறது, அதன் முழு அறிக்கை பொதுவாக வெளியே வருவதில்லை.